கல்யாண பிளக்கு

என் சம்பந்தியை நாலு பேர் பார்க்கத் தெருவில் வைத்துத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிலருக்குக் காசி போக ஆசை இருக்கும். சிலருக்கு ஏரோப்ளேனில் ஏற ஆசை. எனக்கு வேறு எதுவும் பெரிதாகக் கேட்கத் தெரியவில்லை. ரங்கநாதர் முன்னால் போய் நின்றால்கூட, பிள்ளை குட்டிகளுக்கு வேண்டியதை மடமடவென்று ஒப்பித்துவிட்டு, கடைசியில் இதை மட்டும் நிறுத்தி நிதானமாகக் கேட்பேன். அவர் படுத்திருக்கிறவர், அவசரப்படமாட்டார் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சம்பந்தி என்பவர் என் மகளின் மாமனார். எடமலைப்பட்டி புதூரில் மாடி வீடு. ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் தன் கையைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போனது என்று அவருக்கு நினைப்பு. அவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் டாக்ஸி ஓட்டினார். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, குண்டான பெட்ரோல் வண்டி. பின்பக்கம் அகலம், என்னை மாதிரி. பெருமாளைச் சேவிக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சமயபுரம், வயலூர் என்று சுற்றிக் காட்டுவார். மதுரை, வேளாங்கண்ணி என்று தூரமாகவும் போவார். முகூர்த்த நாள் வந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கேட்டு ஆள் வரும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்து வருவார்கள். முன்னால் ஆடுகிற பையன்கள், அவர்களுக்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் வண்டி. மேளக்காரர் முக்குக்கு முக்கு நின்று வாசிப்பார். அவர் நின்றால் வண்டியும் நிற்கும். அவர் நகர்ந்தால் வண்டியும் நகரும். பக்கத்தில் போகிற எறும்பு எங்கள் வண்டியை முந்திக்கொண்டு போய்விடும்.

அப்படிப் போன முதல் கல்யாணத்திலேயே வண்டி பாதி வழியில் இருமி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிளக்கு நாலும் அடுப்புக்கரி. அதே பிளக்கு முந்தின நாள் மதுரை ரோட்டில் பறந்தபோது ஒரு குறையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு பிளக்குப் பைத்தியம் பிடித்தது.

பிளக்கு என்றால் வேறொன்றும் இல்லை, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற தீக்குச்சி. நுனியில் வெள்ளையாக ஒரு பீங்கான் மூக்கு இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு அதில் தங்காது, சட்டென்று இறங்கிவிடும். வேகமாக ஓடுகிற வண்டிக்கு அது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு நுனியிலேயே நிற்கும். படிகிற கரியைத் தானே சுட்டுப் பொசுக்கிக்கொள்ளும். ஊர்ந்து போகிற வண்டிக்கு அதுதான் சரி. ஊர்வலத்துக்குக் குட்டை மூக்கைப் போட்டால் கரி அப்பிப் பொறி வராமல் வண்டி நிற்கும். நீள மூக்கைப் போட்டுக்கொண்டு மதுரைக்கு விரட்டினால் எஞ்சின் கொதித்துத் தட்ட ஆரம்பிக்கும். வண்டி ஓடி வந்த பிறகு கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் சரியான பிளக்கு. கறுத்திருந்தால் சூடு போதவில்லை. வெளுத்திருந்தால் சூடு கூடிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் என் நிறத்தை அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

கடைசியில் இரண்டு செட் வைத்துக்கொண்டார். ஒன்று ரோட்டு பிளக்கு. அது டூல்ஸ் பெட்டியில் கிடக்கும். இன்னொன்று கல்யாண பிளக்கு. அதை மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். முகூர்த்தத்துக்கு முன்னால் குளித்துவிட்டு வந்து மாற்றுவார். ஸ்டாண்டில் எல்லாரும் கேலி செய்தார்கள், பிளக்குக்கு நல்ல நேரம் பார்க்கிறான் என்று. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊர்வலத்திலும் அவர் வண்டி நின்றதில்லை.

அப்புறம் எங்கள் மகளுக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வைப்பது பெண் வீட்டார் பொறுப்பு. ஊர் மாப்பிள்ளையை எல்லாம் ஏற்றிய வண்டியில் நம் மாப்பிள்ளையையும் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். வண்டியைத் தேய் தேய் என்று தேய்த்தார். சீட்டுக்கு வெள்ளை உறை போட்டார். பிளக்கை மாற்றினார். மல்லிகைச் சரத்தைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சம்பந்தி வந்தார். வண்டியைப் பார்த்தார். மஞ்சள் கூரையைப் பார்த்தார். அவர் சொன்னது இன்னும் என் காதில் ஈயாக மொய்க்கிறது.

"டாக்ஸியில வந்து எறங்குறதுக்கு நாங்க என்ன ஜங்ஷன்லேர்ந்தா வர்றோம்?"

அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். கன்டோன்மென்டிலிருந்து வேறு வண்டி வருகிறவரை மாப்பிள்ளை ஏறமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். வந்தது. ஏறினார்கள். நம் வண்டி சும்மாதானே இருக்கிறது என்று யாரோ ஒருவர் அதில் சோடாப் பெட்டிகளை அடுக்கினார். ஊர்வலம் முழுக்க என் வீட்டுக்காரர் புதுச் சட்டையோடு, வெள்ளை உறை சீட்டில் சோடாப் பெட்டிகள் கலகலக்க, கடைசி ஆளாக ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி நிற்கவே இல்லை. கல்யாண பிளக்கு அல்லவா.

அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு சோடா குடிப்பதை விட்டுவிட்டார். வயிறு உப்பினால் பெருங்காயம்தான். நான்தான் பேச வேண்டும் என்று துடித்தேன். பேச முடியவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். நான் ஒன்று சொன்னால் அங்கே அவளுக்கு ஒன்பது விழும். அதனால் வாயை மூடிக்கொண்டு கையால் செய்தேன். சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்னல் விட்ட நாற்காலியைத்தான் போடுவேன். சர்க்கரை வேண்டாம் என்பார். சர்க்கரையோடு நிறுத்தாமல் டிகாஷனையும் குறைத்துச் சிக்கரித் தண்ணியைக் கொடுப்பேன். குழம்பில் அவருக்கு மட்டும் அடிக்கரண்டி விடுவேன், மிளகாய் அங்கேதான் கிடக்கும். இதெல்லாம் சில்லறைப் பழி. மனசு நிறையாது. ஏப்பம்கூட வராது.

என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுவதை விட்ட பிறகு வண்டிக்குச் சந்தன நிறம் அடித்துச் சொந்த வண்டியாக்கினார். பிறகு ஒருநாள் அவரையே ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. அரியமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அவருடைய கூட்டாளி அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து, அம்மா மண்டபம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். என்னை அக்கா என்பார். தலை நரைத்த தம்பி.

இப்போது மகளின் மகனுக்கு, என் பேரனுக்கு, கல்யாணம் கூடிவந்தது. பெண் திருவானைக்காவல். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய புது வண்டி வைக்கிறோம் என்று பெண்ணின் அப்பா சொன்னார். பேரன், தாத்தா வண்டியில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டான். சம்பந்தி முகம் கோணிக்கொண்டது. ஆனால் போட்டோ எடுக்கிற பையன் வந்து, பழைய வண்டி படத்தில் ராஜா வண்டி மாதிரி இருக்கும், இப்போது எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள் என்று சொன்னானோ இல்லையோ, கோணல் நிமிர்ந்துவிட்டது.

வண்டியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னல் விட்ட நாற்காலியில் புதைந்து உட்கார்ந்துகொண்டு, என் சிக்கரித் தண்ணியைக் குடித்துக்கொண்டே, பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"எங்க பரம்பரை வண்டிங்க. அந்தக் காலத்துலேர்ந்து குடும்பத்துலயே வச்சு காப்பாத்திட்டு வர்றோம்."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். சுவரில் மாலை போட்ட படத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வாழ்ந்தபோது அதில் சோடா ஏற்றினார்கள். இப்போது வண்டியையும் அவரிடமிருந்து பிடுங்குகிறார்கள். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். இந்த வண்டி இவரை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, நடுத்தெருவில், பெண் வீட்டார் எல்லாரும் பார்க்க நின்றுபோக வேண்டும். பரம்பரை வண்டியின் பெருமையை அவர் அங்கே எடுத்துச் சொல்லட்டும்.

ஒர்க்‌ஷாப் தம்பி வந்து பார்த்து, வண்டியில் இருக்கிற பிளக்கும் தேய்ந்துவிட்டது, மஞ்சள் துணியில் இருக்கிற பிளக்கும் தேய்ந்துவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும் என்றார். கூடவே வருகிறேன் என்று சம்பந்தி கிளம்பினார். ஸ்பேர் பார்ட்ஸ் விஷயம், அவர் இல்லாமல் நடக்குமா? மூன்று பேருமாக அரியமங்கலம் போனோம்.

கடையில் போனதும், இருப்பதிலேயே விலை கூடினது எது என்று கேட்டார். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊசி மாதிரி நுனி. புது வண்டிகளுக்கு வருவது. தம்பி அதை வாங்கி, எங்கள் பழைய பிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். மரை விரல் நகம் அளவுக்கு நீளம் கூட. போட்டால் உள்ளே பிஸ்டனில் போய் முட்டும் என்றார். சம்பந்தி, எனக்குத் தெரியாதா, சும்மா பார்க்கத்தான் கேட்டேன் என்றார். பிறகு எங்கள் வண்டிக்குப் பொருந்துகிற இரண்டு வகையைக் கடைக்காரர் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று குட்டை மூக்கு, ஒன்று நீள மூக்கு. மரை ஒன்றுதான், உயரம் ஒன்றுதான், மூக்கு மட்டும் வேறு.

தம்பி நீள மூக்கின் மேல் கையை வைக்கப் போனார். நான் குறுக்கே புகுந்தேன்.

"நமக்கு என்ன தெரியும் தம்பி. சம்பந்தி ஸ்டோர்ல இருந்தவங்க. நீங்களே பாத்து எடுங்க சம்பந்தி."

அவருக்கு நெஞ்சு விரிந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் உருட்டிப் பார்த்தார். எது ஹைவேயில் நூறில் போனாலும் தாங்கும் என்று கடைக்காரரைக் கேட்டார். குட்டை மூக்கு என்றார் கடைக்காரர். நூறில் தாங்குவது பத்தில் தாங்காதா என்று சொல்லிவிட்டு அதையே எடுத்து வைத்தார். தம்பி என்னைப் பார்த்தார். நான் கடையில் தொங்கிய ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பார்த்தேன். எத்தனை அழகான கேபிள்.

சம்பந்தி வெளியே போய் ஆட்டோ பிடிக்கிற நேரத்தில் நீள மூக்கில் நாலு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தம்பி மெதுவாக, அக்கா, ஊர்வலத்துக்கு அவர் எடுத்த குட்டை மூக்கு தாங்காதே என்றார். தெரியும் என்றேன். அவர் என் வீட்டுக்காரரோடு அந்தச் சோடா ஊர்வலத்தில் கூடவே நடந்து வந்தவர். பேரன் உள்ளே இருப்பானே என்று மட்டும் சொன்னார். அதையும் யோசித்துவிட்டேன் என்றேன். நிற்கட்டும். கொஞ்ச நேரம் சம்பந்தி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். அப்புறம் கல்யாண பிளக்கைப் போட்டுக் கிளம்பிவிடலாம். குட்டை மூக்கைத் தேர்ந்தெடுத்தது இவர்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம். கடைக்காரர்கூடச் சாட்சி. இதைவிடப் பக்காவாக யார் திட்டம் போட முடியும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குச் சாயந்திரம், சம்பந்தி எடுத்த பிளக்கோடு வண்டி சீவிச் சிங்காரித்துக்கொண்டு நின்றது. ரோஜாவும் சம்பங்கியும் மாலையாக. பேரன் கோட்டு சூட்டு போட்டுப் பின்னால் உட்கார்ந்தான், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள். சம்பந்தி பட்டு வேட்டி, புதுச் செருப்பு, தோளில் சரிகைத் துண்டு. யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தம்பி ஸ்டியரிங்கில். நானும் மகளும் பெண்களோடு நடந்தோம். என் பையில் மஞ்சள் துணி, அதற்குள் புது நீள மூக்கு நாலு.

மேளம் வாசித்தது. பையன்கள் ஆடினார்கள். வண்டி ஊர்ந்தது. முதல் முக்கு வரை ஒன்றும் இல்லை. சம்பந்தி ஜன்னல் வழியாகக் கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார், ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி. இரண்டாவது முக்கில் மேளக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து இழு இழு என்று இழுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. எனக்குக் கேட்டுவிட்டது. நாலு துடிப்பில் ஒன்று விட்டுப்போனது. அப்புறம் இரண்டு. பின்னால் கரும்புகை. நெஞ்சுச் சளி பிடித்தவர் மாதிரி இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, வண்டி நின்றது. மண்டப வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வயிற்றில் பாயசம் பொங்கியது. ஒரு நிமிஷம்தான்.

பெண்ணுக்குப் பாட்டி முறையாகிற ஒரு பெரியம்மா, மாப்பிள்ளை வண்டி வாசலுக்கு வராமல் நின்றால் நல்லதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மேளம் நின்றுவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. சகுனம் என்ற வார்த்தை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது. என் மகள் முகம் சுண்டிவிட்டது. என் கையைப் பிடித்தாள், அவள் கை சில்லென்று இருந்தது. இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பேரன் மேல் சிரிப்பு விழாது என்று நினைத்தேனே தவிர, அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் மேல் பேச்சு விழும் என்று நினைக்கவில்லை.

பெண்ணின் அப்பா வேகமாக நடந்து வந்தார். சம்பந்தி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இப்போது மாட்டினார் என்று பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"இது நம்ம வண்டி இல்லைங்க. பையனோட அம்மா வழி. அவங்க வீட்டு டாக்ஸி. அப்பவே இப்படித்தான்."

பாருங்கள் அந்த மனுஷனை. ஓடுகிறவரை அவர் பரம்பரை. நின்றதும் என் வீட்டுக்காரர் டாக்ஸி. சகுனத்தையும் சேர்த்து எங்கள் தலையில் இறக்கிவிட்டார். நான் வெட்டிய குழியில் படத்தில் இருக்கிற மனுஷனை அல்லவா தள்ளிவிட்டேன். பிளக்கு எடுத்தது நீங்கள்தானே என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. கல்யாண ஊர்வலத்தில் பிளக்கு யாருக்கு வேண்டும்? பெண்ணின் அப்பா, என்னம்மா சொல்றீங்க என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். நான் போட்ட பக்காத் திட்டம் என் காலடியிலேயே செத்துக் கிடந்தது.

அழுதால் சகுனம் நிஜமாகிவிடும். தம்பியிடம் மஞ்சள் துணியைக் கொடுத்தேன். அவர் அதற்குள் பானட்டைத் தூக்கி, பிளக்கு ஸ்பேனரோடு தயாராக நின்றார். கை சுடும் என்று துணி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வேலை முடிகிறவரை இந்தக் கூட்டத்தின் வாயை நான் அடைக்க வேண்டும். அந்தப் பெரியம்மாவிடம் போனேன்.

"வண்டிக்கும் எனக்கும் ஒரே வயசுங்க. அடிக்கடி ஒன்னுக்கு வருது. ஒரு ஓரமா நின்னுட்டு வந்துரும், மேளத்த நிறுத்தாதீங்க."

பெரியம்மாவுக்கும் என் வயசுதான். அவருக்கு அந்தக் கஷ்டம் தெரியும் போலிருக்கிறது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேளக்காரர் மறுபடி எடுத்தார். யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நசுக்கினார்கள். அதோடு சகுனம் கழிந்தது. மகளின் கை கொஞ்சம் சூடானது.

தம்பி பானட்டை மூடினார். சாவியைத் திருப்பினார். குப்பென்று ஒரு புகை. அடுத்த நொடி வண்டி, தறி ஓடுகிற மாதிரி, ஒரே சீராக ஓடியது. பையன்கள் விசில் அடித்தார்கள். கரி பிடித்த நாலு பிளக்கையும் தம்பி ஜன்னலில் என்னிடம் நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்தால் அங்கே வேறு ஆளுக்கு இடம் இருக்காது.

சம்பந்தி அந்தப் பக்கம் பெண்ணின் அப்பாவோடு பேசி முடித்துவிட்டு ஏற வந்தார். கதவில் கை வைத்தார். உள்ளே என்னைப் பார்த்தார். இறங்குங்க என்று வாய் வரை வந்தது, பக்கத்தில் பெண்ணின் அப்பா நின்றதால் சிரிப்பாக மாறியது. கொஞ்சம் நகர்ந்துக்கிட்டா நானும் உட்கார்ந்துக்குவேன் என்றார். அந்த இடத்தில்தான் பெருமாள் எனக்கு வார்த்தையைக் கொடுத்தார். இத்தனை நாள் படுத்திருந்தவர் அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது.

"நம்ம வண்டி இல்லைன்னு இப்பதான நாலு பேர்கிட்ட சொன்னீங்க சம்பந்தி? அடுத்தவங்க டாக்ஸியில ஏறி உங்க கௌரவம் கொறைய வேணாம். நீங்க முன்னாடி நடந்து வாங்க."

குரலை உயர்த்தவில்லை. பெண்ணின் அப்பா இந்த முறை நன்றாகப் புரிந்துகொண்டார். சம்பந்தி போனில் பரம்பரை வண்டி என்று சொன்னதும் அவர்தான் கேட்டவர், அவங்க வீட்டு டாக்ஸி என்று சொன்னதும் அவர்தான் கேட்டவர். இரண்டையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். சம்பந்தி முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, வாங்க மாமா, நாம நடப்போம், கொஞ்ச தூரம்தானே என்றார். சிரிப்பை அடக்குகிறவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின் சீட்டில் பேரன் அதே மாதிரி இருமிக்கொண்டிருந்தான்.

சம்பந்தி நடந்தார். வண்டிக்கு முன்னால், ஹெட்லைட் வெளிச்சத்தில், பட்டு வேட்டியின் சரிகை மின்ன மின்ன நடந்தார். கொஞ்ச தூரம்தான். ஆனால் கொஞ்ச தூரத்தை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்பது பிளக்கைப் பொறுத்தது. நான் தம்பியிடம் இன்னும் மெதுவாகப் போகச் சொன்னேன். போனார். இன்னும் மெதுவாக என்றேன். ஆமைக்கு வெட்கம் வருகிற மாதிரி போனார். வண்டி ஒரு துடிப்புக்கூட விடவில்லை. மேளக்காரரை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் தாத்தாவுக்குப் பிடித்த பாட்டு இரண்டு இருக்கிறது, நின்று வாசித்துவிட்டுப் போங்கள் என்றேன். எந்தத் தாத்தா என்று அவர் கேட்கவில்லை. வாசித்தார். அது முடிந்ததும் ஆடுகிற பையன்கள் இன்னொன்று கேட்டார்கள். நானா வேண்டாம் என்பேன்? புதுச் செருப்பு அவர் குதிகாலைக் கடிக்க ஆரம்பித்தது அவர் நடையிலேயே தெரிந்தது. முதலில் வலது காலைத் தூக்கி வைத்தார். பிறகு இடது காலையும். கடைசியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டோ பையன் நல்ல பையன், எதையும் விடாமல் எடுத்தான்.

மண்டபத்தில் ஆரத்தி எடுத்தார்கள். பேரன் இறங்கும்போது என் தோளைப் பிடித்து, அம்மாச்சி, நீ ஆளு பெரிய ஆளு என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குப் பாதிதான் தெரியும். முழுசும் தெரிந்தது வேறு ஆளுக்கு.

பந்தி ஆரம்பித்ததும் மகள் என்னைச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். வெங்காய மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் நிற்கவைத்து, பையைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். கரி பிடித்த நாலு பிளக்கு. டாக்ஸிக்காரர் மகள், அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து மூக்கைப் பார்த்தாள். அப்பா பார்க்கிற மாதிரியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். தெரிந்தேதான் போட்டியா என்று கேட்டாள். அவர் தேர்ந்தெடுத்தது, நான் தடுக்கவில்லை என்றேன். என் பிள்ளை கல்யாணத்தில் விளையாடியிருக்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன். சகுனம் அது இது என்று பேச்சு வந்தபோது அவள் உயிர் போய் வந்தது என்றாள். எனக்கும்தான் என்றேன். அது பொய் இல்லை.

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் செய்ததற்கு வருத்தப்படு என்றால் அது மட்டும் என்னால் ஆகாது.

அவள் திட்டவில்லை. பிளக்கைத் திரும்பப் பையில் போட்டாள். கைக்கரியைச் சாக்கில் துடைத்தாள். அப்போது வாசலில் ஒருவர் தலையை நீட்டி, பெரியவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது, உப்பு போட்டு வெந்நீர் வைத்துக் கொண்டுவரச் சொல்கிறார், மருமகளைத்தான் தேடுகிறார் என்றார். அந்த வீட்டில் சம்பந்தி ஏதாவது கேட்டால் அவள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். புகுந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் நகர்ந்து வழி விட்டேன்.

"வைக்கிறேன்னு சொல்லுங்க. சாப்பிட்டுட்டு வந்து வைக்கிறேன்."

சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். முன்வரிசையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தோம். சம்பந்தி எதிர்ப்பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இலையைத் தண்ணீர் தெளித்து நிதானமாகத் துடைத்தாள். சாம்பார் சாப்பிட்டாள். ரசம் சாப்பிட்டாள். மோர் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். பாயசக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி விடுங்க அண்ணே, ஒன்னும் அவசரம் இல்ல என்றாள்.